கேமராவுக்குள் வைத்த பொட்டு

“படிச்ச புள்ள, இந்தப் பொட்டியத் தூக்கிக்கிட்டு ஊரான் கல்யாணத்துல போய் நிக்கப் போறியா? இதெல்லாம் ஒரு வேலையா லா?”

ஈப்போவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, கேமராவோடு கல்யாணப் படம் எடுக்கப் போகிறேன் என்று வந்த அன்று அப்பா கேட்டது இது. கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, தட்டைப் பார்த்தபடி, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். “பொறுத்துப் பாருங்க பா” என்று மட்டும் சொன்னேன். அவர் பொறுத்துத்தான் பார்த்தார். வருடக்கணக்காக ஒரு வார்த்தை நல்லது சொல்லாமல் பொறுத்துப் பார்த்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து மேலே படித்தவள் நான் ஒருத்திதான். அப்பா பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். எழுதத் தெரிந்தது அவருடைய பெயர் மட்டும். தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது குடும்பம் ஈப்போவின் புந்தோங்குக்கு வந்தது. இப்போது அவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. என் பட்டமளிப்புப் படத்தைக் கூடத்தில் சாமி படங்களுக்கு அருகே, அதே உயரத்தில் மாட்டியிருக்கிறார்.

அந்தப் படம் எனக்குப் பிடிக்காது. ஸ்டூடியோக்காரர் என் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து வெளுப்பாக்கியிருந்தார். இரவல் அங்கிகூட என்னுடையது போல இருந்தது, முகம்தான் யாருடையதோ. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் இருக்கிற கறுப்பை உள்ளபடியே, அழகாகக் காட்டுகிற படங்களை நான் எடுப்பேன் என்ற பிடிவாதம் அங்கேதான் ஆரம்பித்தது. அதில் எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

நான் வாங்கிய முதல் கேமரா சின்னது, மிரர்லெஸ். பழைய கேமராக்களில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அது எழும்பி இறங்கும், ‘டடக்’ என்று சத்தம் போடும். என்னுடையதில் அந்தக் கண்ணாடி கிடையாது, சத்தமும் கிடையாது. தேவாலயத் திருமணங்களில் மோதிரம் மாற்றும்போது ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கேமராவைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும் அம்மாகூட அதற்கு முன்னால் சிரித்திருக்கிறார், நான் எடுப்பது தெரியாமல்.

ஆனால் அதற்கு இருட்டு ஆகாது. உள்ளே ஒளி விழும் தகடு, நாங்கள் சென்சார் என்று சொல்வது, சின்னது. வெளிச்சம் குறைந்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிடும். வெள்ளைச் சுவரில் அது தெரியாது. கறுத்த முகத்தில்தான் தெரியும்.

அப்பா பிறந்த தோட்டத்து அம்மன் கோயில் இன்னமும் இருக்கிறது, செம்பனைக்கு நடுவில். தோட்டத்தை விட்டுப் போனவர்கள் திருவிழாவுக்கு மட்டும் கார்களில் வந்து சேருவார்கள். கருவறைக்குள் மின்விளக்கு போட மாட்டார்கள், எண்ணெய் விளக்கு மட்டும். ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. போன திருவிழாவுக்கு நான் எடுத்த படங்களைக் கோயில் தலைவர் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தார். சுற்றிலும் ஆட்கள்.

“என்னம்மா இது, அம்மன் முகத்துல யாரு அரிசி மாவத் தூவுனது?”

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொருவர், “விடுங்க தலைவரே, கோலம் போட்ருக்கு புள்ள” என்றார். மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன். பீடோரிலிருந்து ஈப்போ வரைக்கும் மோட்டார் சைக்கிளில் வரும்போது தலைக்கவசத்துக்குள் அழுதுகொண்டே வந்தேன்.

அன்றிலிருந்து ஃபுல் ஃபிரேம் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. அதில் சென்சார் பெரியது, கொஞ்ச வெளிச்சத்தையும் வாரி எடுத்துக்கொள்ளும். ஈப்போவில் நான் வழக்கமாகப் போகிற கடையில் பழைய ஃபுல் ஃபிரேம் ஒன்று கண்ணாடி அலமாரியில் இருந்தது. கண்ணாடி வைத்த பழைய வகை. சத்தம் போடும். கனம் என்றால் அப்படிக் கனம், ஒரு நாள் முழுக்கத் தூக்கினால் மணிக்கட்டு விட்டுப்போகும். என்னுடைய லென்ஸ்கள் ஒன்றுகூட அதில் பொருந்தாது. மாறுவதென்றால் சேர்த்து வைத்த அத்தனையையும் கொடுத்துவிட்டு மாற வேண்டும். கடைக்காரர் ஒரு சீனர், தமிழ்ப் பெண்களை எல்லாம் ‘தங்காச்சி’ என்று கூப்பிடுவார். நான் அந்தக் கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கும்போதெல்லாம், “தங்காச்சி, பார்த்துப் பார்த்து அதுக்கு வயசாகுது” என்று மலாயில் கிண்டல் செய்வார். முடிவெடுக்க முடியாமல் ஒரு வருடம் ஓடியது. தேவாலயங்களுக்குச் சின்னது நல்லது, கோயில்களுக்குப் பெரியது நல்லது. இரண்டும் என் பிழைப்பு.

பிறகு சரஸ்வதி பூஜை வந்தது.

அந்த நாளில் அப்பா வீட்டில் உள்ள கருவிகளை எல்லாம் கழுவித் துடைத்து சாமி மேடைக்குக் கீழே வரிசையாக வைப்பார். பாராங் கத்தி, அம்மாவின் தையல் இயந்திரம், மோட்டார் சைக்கிள் சாவி, வேலைக்குக் கொண்டுபோகும் பெரிய டார்ச். ஒவ்வொன்றுக்கும் திருநீறு பூசி, சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம். என் கேமராவை அவர் ஒரு தடவைகூட அந்த வரிசையில் வைத்ததில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டு வாங்குகிற மரியாதை எனக்கு வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

இந்த வருடம் நான் குளித்துவிட்டு வந்தபோது கேமரா அங்கே இருந்தது. பாராங்குக்கும் டார்ச்சுக்கும் நடுவில், ஒரு புதுத் துண்டின் மேல். அப்பா அதன் அடியில் ஒரு சின்ன முருகன் ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தார். அம்மா என்னைப் பார்த்துவிட்டுக் கொண்டைக்கடலைச் சுண்டலைக் கிண்டினார்.

பூஜை முடிந்த பிறகு அப்பாதான் சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

“மேலுக்கு மட்டும் வச்சா எப்படி மா? மோட்டாருக்கு வெறும் சீட்டுக்கா வைக்கிறோம்? இஞ்சின்லயும்தானே வைக்கிறோம். நீ அந்தப் பித்தான அமுக்கித் திருப்பிக் கழட்டுவியே, அத நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன். கழட்டுனா உள்ள கண்ணு இருக்கு. பளபளன்னு. அதுக்குத்தான் முதல்ல பட்ட போட்டேன், அப்புறம் பொட்டு. நல்லா அழுத்தித்தான் வச்சேன், விழுந்துறக் கூடாதுன்னு. டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் திருப்பி மூடிட்டேன். சரியாத்தானே மூடியிருக்கேன்?”

“சரியா மூடியிருக்கீங்க பா.”

“பின்ன?” என்றார், பெருமையாக.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு லென்ஸைக் கழற்றினேன். சென்சாரின் மேல் மூன்று வரிகளாகத் திருநீறு. நடுவில் காய்ந்துபோன சந்தனம், அதன்மேல் குங்குமம். விரல் ரேகைகூட அப்படியே பதிந்திருந்தது. காற்றடித்தேன். தூள் மட்டும் கொஞ்சம் பறந்தது. சுவரை ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். சுவரில் மங்கலாக மூன்று பட்டைகள், நடுவில் செம்பழுப்பாக ஒரு கறை.

கடைக்காரர் விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. நான் சொன்னதும் வாயைத் திறந்தவர், சிரிப்பு வரும்போலிருந்து, என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

“அய்யோ தங்காச்சி. இனி சுடா ரோசாக் லா.”

கெட்டுப்போய்விட்டதாம். ஈரம் ஓரங்களில் இறங்கிக் காய்ந்திருந்தது. அழுத்திய வேகத்தில் சாம்பல் துகள் சென்சாரை மூடியிருக்கும் மெல்லிய தகட்டைக் கீறியிருந்தது. உள்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும், அதற்கு வேறு கேமராவே வாங்கிவிடலாம். பிறகு அலமாரியில் இருந்த பழைய ஃபுல் ஃபிரேமைக் காட்டி, “அந்த வகையா இருந்தா முன்னால கண்ணாடி நிக்கும். சாம்பலெல்லாம் அதுலதான் பட்டிருக்கும். உன்னோடதுல தடுக்க ஒன்னுமில்ல” என்றார்.

தடுக்க ஒன்றுமில்லை. அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு வீடு வந்தேன்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பின்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“அப்பாகிட்ட சொல்லிறாத.”

“எப்படிம்மா சொல்லாம இருக்கிறது?”

“அவரு காலையில இருந்து போன்ல யாரு யாருகிட்டயோ சொல்லிக்கிட்டு இருக்காரு, மக கேமராவுக்குப் பொட்டு வச்சேன்னு. அவரு கையாலயே கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் உன் சாமான் எதையாச்சும் தொடுவாரா அந்த மனுசன்? அதே மாதிரி ஒன்னு வாங்கிரு. அவருக்கு என்ன தெரியப்போவுது.”

“இப்படியே பொய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கும்.”

“பிடிச்சா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி பக்கத்துலதானே இருக்கு, நானே கொண்டு போய் விடுறேன். இப்ப வாய மூடு.”

அன்று அந்தப் பேச்சுக்கு இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். அதற்குப் பிறகு நான் சிரித்ததாக நினைவில்லை.

ஒப்புக்கொண்டிருந்த ஒரு கல்யாணத்தைக் காய்ச்சல் என்று சொல்லி வேறொருவருக்குத் தள்ளிவிட்டேன். அது ஒரு தேவாலயத் திருமணம். மணப்பெண் நெற்றியிலும் பாதிரியார் நெற்றியிலும் அப்பாவின் பட்டை விழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் வேலை இல்லை என்பதை அப்பாவிடம் காட்ட முடியாது. செத்த கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு, நல்ல சட்டை அணிந்து, காலையில் கிளம்புவேன். ரம்புத்தான் சாலையில் ஒரு கடையில் பால் விடாத தே ஓ ஒரு குவளை வாங்கி வைத்துக்கொண்டு, அது ஆறிப் போகும்வரை உட்கார்ந்திருப்பேன். எதிரே பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். வேலைக்குப் போகிற அவர்களைப் பார்க்கும்போது, காப்புறுதி அலுவலகத்தில் என் நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றும். படித்த பிள்ளை. எங்கள் வீட்டிலேயே படித்த ஒரே பிள்ளை. ஊரார் கல்யாணத்தில் நிற்கக்கூட வழியில்லாமல் ஒரு பலகையில் உட்கார்ந்திருக்கிறாள்.

மாலையில் அப்பா கேட்பார்.

“இன்னைக்கு எப்படி எடுத்துச்சு?”

“நல்லா எடுத்துச்சு பா.”

“முன்னைக்கு இப்ப வித்தியாசம் தெரியுதா?”

“தெரியுது பா.”

அவர் தலையை ஆட்டிக்கொள்வார். அந்தத் தலையாட்டலுக்காகத்தானே இத்தனை வருடம் காத்திருந்தேன். அது கிடைத்த அதே நாளில் என் வேலை போயிற்று. அவரிடம் எப்படிச் சொன்னாலும் இரண்டும் சேர்ந்து போய்விடும் என்று பட்டது. உட்கார்ந்தால் எழ மனம் வராது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. படுக்கையில் கண்ணை மூடினால் அந்த விரல் ரேகை.

இதற்கிடையில் கோயில் தலைவர் கூப்பிட்டார். இந்த வருடத் திருவிழாவுக்கும் நான்தான் எடுக்க வேண்டுமாம். “போன தடவ மாதிரி மாவு தூவாம எடு மா” என்று மறக்காமல் சொன்னார். அப்பாவுக்கு யார் மூலமோ செய்தி போய்விட்டது. வேலையிலிருந்து வந்த உடனே, காவலாளிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் எதிரே வந்து நின்றார்.

“நானும் வாரேன் இந்த வாட்டி. லீவு சொல்லிட்டேன். நம்ம தோட்டத்துக் கோயில்ல நீ எடுக்கிறத நான் பாக்கவே இல்லையே. அந்தத் தலைவருக்கும் தெரியட்டும் லா.”

சரி என்பதைத் தவிர எனக்கு வேறு என்ன வாயில் வரும்?

மறுநாள் மறுபடியும் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் மாடலிலேயே பழையது ஒன்று எங்கிருந்தோ வரவழைத்திருந்தார். அதே கறுப்பு, அதே மூலைத் தேய்மானம்கூட. அதைக் கவுண்டரில் வைத்தார். நான் கேட்காமலேயே அதற்குப் பக்கத்தில் ஃபுல் ஃபிரேமையும் எடுத்து வைத்தார். இதுவா அதுவா என்று ஒரு வருடமாகக் கணக்குப் போட்ட விஷயம். சென்சார் அளவு, கனம், சத்தம், லென்ஸ் என்று எத்தனை காணொளிகள் பார்த்திருப்பேன். அங்கே நின்றபோது அது ஒன்றுமே மனதில் இல்லை. முதலாவதை வாங்கினால் அப்பாவுக்கு எதுவும் தெரியாது; அம்மன் முகத்தில் மறுபடியும் மாவு விழும், அதுவும் இந்த முறை அப்பாவின் கண்முன். இரண்டாவதை வாங்கினால் அம்மன் முகம் கிடைக்கும். ஆனால் பொட்டு வைத்த கேமரா எங்கே என்று அவர் கேட்பார்.

முதலாவதைத்தான் கையில் எடுத்தேன். “இது போதும்” என்றேன். என் பழைய கேமராவைத் திருப்பி, அடியில் இருந்த முருகன் ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்தை வைத்தேன். அதைக் கிழியாமல் உரித்துப் புதியதில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஸ்டிக்கர் விடவில்லை. அப்பா எதை ஒட்டினாலும் அழுத்தித்தான் ஒட்டுவார். நகத்துக்கடியில் முருகனின் வேல் நுனி மட்டும் கொஞ்சம் எழும்பியது.

அடுத்த வருடமும் சரஸ்வதி பூஜை வரும். அப்போதும் அப்பா அந்தப் பொத்தானை அமுக்கித் திருப்பிக் கழற்றுவார். அதே மூன்று விரல்கள். அதே சந்தனம். எந்தக் கேமராவை வாங்கினாலும் அவர் கை அதற்குள் போகத்தான் போகிறது, ஏனென்றால் வேண்டாம் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை. இந்த வருடம் சொல்லாதவள் அடுத்த வருடம் மட்டும் எப்படிச் சொல்வேன்? இல்லை, வருடா வருடம் ஒரு கேமராவைச் சாகக் கொடுத்துவிட்டு, ஸ்டிக்கர் உரித்துக்கொண்டே இருப்பேனா?

நகத்தை எடுத்துவிட்டேன்.

“தங்காச்சி?” என்றார் கடைக்காரர்.

லென்ஸ்களைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். ஒன்றை மட்டும், அப்பா கழற்றி மாட்டிய அந்த ஒன்றை, பழைய கேமராவோடு வைத்துக்கொண்டேன். மற்றவற்றைக் கொடுத்துவிட்டு ஃபுல் ஃபிரேமை அதற்கான ஒரு லென்ஸோடு வாங்கிப் பையில் போட்டேன். தோளை இழுத்தது. எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஒரு வருட ஆசை கையில் வந்ததற்கு ஒரு துளிகூட வரவில்லை. தேவாலயத்தில் அது போடப்போகிற சத்தத்தை நினைத்துக்கொண்டேன். நான் எடுப்பது தெரியாமல் அம்மா சிரித்ததுபோல் இனிமேல் சிரிக்க மாட்டார் என்பதையும்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் தே குடித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் அவருடைய டார்ச். அதிலும் பூஜைக் குங்குமம் இன்னும் போகவில்லை. அம்மா அடுக்களையிலிருந்து என்னையும் பையையும் பார்த்தார். வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

“என்ன மா, இன்னைக்கு எப்படி எடுத்துச்சு?” என்றார் அப்பா.

இந்த முறை எனக்குப் பொய் வரவில்லை, உண்மையும் வரவில்லை. அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். பழைய கேமராவைப் பூஜையன்று அவர் விரித்த துண்டோடு மேசையில் வைத்தேன். அவர் குவளையைத் தள்ளி வைத்து இடம் கொடுத்தார், கேமராவில் தே சிந்திவிடக் கூடாதென்று.

சுவரில் மூன்று பட்டைகள் விழுந்த அந்தப் படத்தைத் திரையில் அவருக்குக் காட்டினேன். பித்தானை அமுக்கி, திருப்பி, லென்ஸைக் கழற்றிவிட்டேன். உள்ளே பார்க்கும்படி டார்ச்சை ஏற்றி அவர் கையில் கொடுத்துவிட்டேன்.